காரணம் சொல்லும் கடமை

1781 அக்டோபரில் யார்க்டவுனில் வாஷிங்டனின் படைக்கு முன்னே தம் சேனையோடு சரணடைந்து, அமெரிக்கக் குடியேற்றங்களைப் பிரிட்டிஷ் மகுடம் இழப்பதற்குக் காரணமாக இருந்த காரன்வாலிஸ் பிரபுவே, பத்தரை ஆண்டுகள் கழித்து, 1792 மார்ச்சில், கம்பெனியின் கவர்னர் ஜெனரலாக ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானோடு உடன்படிக்கை செய்து, மலபாரையும் பாராமகாலையும் திண்டுக்கல் சீமையையும் எழுதி வாங்கினார். அதற்கு ஏறக்குறைய மூன்று மாதம் முன்பு, 1791 டிசம்பர் 15 அன்று, விர்ஜீனியா ராஜ்யத்தின் சம்மதத்தோடு அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் பத்துத் திருத்தங்கள் நிறைவேறியிருந்தன. அவர் தோற்ற மண்ணில் குடிமக்கள் தங்கள் சர்க்காரின் கைகளுக்கு எல்லை வகுத்து எழுதிக்கொண்டிருந்த அதே காலத்தில், அவர் வென்ற மண்ணில் அப்படிப்பட்ட எல்லை எதுவும் இல்லாத ஓர் ஆட்சி குடியேறியது என்பதை, திண்டுக்கல் மலைக்கோட்டையின் அடிவாரத்தில் வாழ்கிறவர்கள் சற்று நின்று யோசிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அமெரிக்க ஆட்சிமுறையின் அடிப்படைகளை விளக்கப் புகுவோர், சட்டம் இயற்றும் காங்கிரஸ், அதை நடத்தும் ஜனாதிபதி, அதற்குப் பொருள் சொல்லும் சுப்ரீம் கோர்ட் என்ற மூன்று அங்கங்களையும், அவை ஒன்றையொன்று மீறவிடாமல் தடுக்கும் ஏற்பாட்டையும் முதலில் சொல்வது வழக்கம். அது மெய்தான், ஆயினும் அந்த ஏற்பாடு முழுவதற்கும் அடியில் கிடக்கும் எண்ணம், ஆள்கிறவன் எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் காரணம் சொல்லாமல் ஒரு மனிதனின் உடலைப் பிடித்து வைத்துக்கொள்ளும் அதிகாரத்தை அவனிடம் ஒப்படைக்கலாகாது என்பதே. கலகமோ படையெடுப்போ நேர்ந்து பொதுமக்களின் பாதுகாப்பு வேண்டினாலன்றி ஆட்கொணர்வு ஆணை கோரும் உரிமையை நிறுத்திவைக்கக் கூடாது என்று 1787-ல் எழுதிய மூலச் சாசனமே விதித்துவிட்டது. பின்னர் வந்த ஐந்தாம் திருத்தம், உரிய சட்டமுறை வழுவாமல் எவருடைய உயிரையும் சுதந்திரத்தையும் உடைமையையும் பறிக்கலாகாது என்றது; ஆறாம் திருத்தம், தன்மேல் சாட்டப்பட்ட குற்றம் இன்னதென்று அறியவும், சாட்சிகளை நேருக்கு நேர் காணவும், வக்கீலின் துணையைப் பெறவும் குற்றஞ்சாட்டப்பட்டவனுக்கு உரிமை தந்தது. இவற்றை எழுதியவர்களில் பலர் அடிமைகளை வைத்திருந்தார்கள் என்பதையும், அந்த அடிமைகளுக்கு இந்த வாசகங்களில் ஒரு வரிகூட உதவவில்லை என்பதையும், உள்நாட்டுப் போர் முடிந்து 1868-ல் பதினான்காம் திருத்தம் வந்த பிறகே ராஜ்ய சர்க்கார்களையும் உரிய சட்டமுறை என்ற விதி கட்டுப்படுத்தத் தொடங்கியது என்பதையும் மறைப்பது நியாயமாகாது.

இங்கே கதை வேறு. கம்பெனியை எதிர்த்துத் தென்னாட்டுப் பாளையக்காரர்களைத் திண்டுக்கல்லை மையமாக வைத்து ஒன்றுசேர்த்த விருப்பாட்சி கோபால நாயக்கர் 1801-ல் பிடிபட்டு இந்த ஊரிலேயே தூக்கிலிடப்பட்டபோது, எடுத்துக்காட்டி வாதிட அவருக்கு எந்தச் சாசனமும் இருக்கவில்லை. அப்படியாவது அது யுத்த காலம். யுத்தமெல்லாம் ஓய்ந்து, வரிவசூலும் கச்சேரியும் ஒழுங்காக நடக்கத் தொடங்கிய பிறகு, 1819-ல், சென்னை ராஜதானி சர்க்கார் தன் இரண்டாவது ரெகுலேஷனைப் பிறப்பித்தது. நீதிமன்றத்தில் வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லாதவர்களையும் ராஜாங்கக் காரணங்களுக்காகச் சிறை வைக்கலாம் என்பது அதன் சாரம். குற்றம் செய்தான் என்பதற்காக அல்ல, செய்யக்கூடும் என்பதற்காக ஒருவனை அடைத்து வைக்கும் தடுப்புக் காவல் என்னும் வழக்கம் நம் நாட்டில் வேரூன்றியது இந்த ரெகுலேஷனாலும், இதற்கு ஓராண்டு முன்பு வங்காளத்தில் பிறந்த இதன் தமையனாலும்தான்.

இந்த வட்டாரத்தில் வாழ்ந்த அமெரிக்கர் ஒருவரே அந்த ஆட்சியின் போக்கை அனுபவித்தார். மினசோட்டாவில் பிறந்து, 1925-ல் அமெரிக்கன் மதுரை மிஷனின் ஊழியராக வந்த ரால்ஃப் ரிச்சர்ட் கெய்தான், 1930 மார்ச்சில் வைசிராய்க்குக் காந்தியடிகள் எழுதிய கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்த ஆங்கில இளைஞர் ரெஜினால்ட் ரெனால்ட்ஸைத் தம் வீட்டில் விருந்தாளியாக வைத்துக்கொண்டார் என்பதற்காக, நாட்டை விட்டே போக நேர்ந்தது. திரும்பி வந்தவர் 1944-ல் மறுபடியும் வெளியேற்றப்பட்டார். அந்நிய மிஷனரிமார் ராஜீய விஷயங்களில் தலையிடுவதில்லை என்று சர்க்காருக்கு எழுத்து மூலம் உறுதி தந்தாக வேண்டிய காலம் அது. விருந்தோம்பலும் அந்த உறுதிக்கு விரோதமாகக் கருதப்பட்டது. அதே 1944-ல், அவருடைய சொந்த நாட்டின் சுப்ரீம் கோர்ட், மேற்குக் கடற்கரையில் வாழ்ந்த ஜப்பானிய வம்சத்தார் லட்சத்துக்கும் மேற்பட்டோரை யாதொரு தனிப்பட்ட குற்றமும் சாட்டாமல் ஊரை விட்டு அகற்றிய உத்தரவு செல்லும் என்று தீர்ப்பளித்தது. எழுதிவைத்த உரிமையும் யுத்தபயத்தின் முன்னே தலைகுனியும் என்பதற்கு அது என்றைக்கும் சாட்சி. சுதந்திரம் வந்ததும் கெய்தான் திரும்பினார். காந்திகிராமத்தையும் ஒட்டன்சத்திரத்தையும் சார்ந்து சர்வோதயப் பணியிலேயே தம் எஞ்சிய ஆயுளைக் கழித்தார்.

சுதந்திர பாரதத்துக்குச் சாசனம் எழுத உட்கார்ந்தவர்களில் பெரும்பாலோர் சிறை கண்டவர்கள். விசாரணையில்லாத காவல் இன்னதென்பதை ஏட்டில் படித்து அறிய வேண்டிய நிலையில் அவர்கள் இல்லை. ஆதலால் உரிய சட்டமுறை என்ற அமெரிக்க விதியை அவர்கள் ஆவலோடு ஏற்றிருப்பார்கள் என்றே எவரும் எதிர்பார்ப்பர். முதலில் ஏற்கவும் செய்தார்கள். ஆனால் 1947-ன் பிற்பகுதியில் அமெரிக்கா சென்ற அரசியல் நிர்ணய சபையின் ஆலோசகர் பி. என். ராவ், அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் நீதிபதி ஃபெலிக்ஸ் ஃபிராங்க்ஃபர்ட்டரைச் சந்தித்தபோது, மக்கள் பிரதிநிதிகள் இயற்றும் சட்டங்களை விரல்விட்டு எண்ணத்தக்க நீதிபதிகள் ரத்து செய்ய அந்த விதி இடம் தருகிறது என்றும், அது ஜனநாயகத்துக்கு ஒவ்வாதது என்றும் ஃபிராங்க்ஃபர்ட்டர் எச்சரித்தார். அவர் சொன்னதில் அர்த்தம் இல்லாமல் இல்லை. ரொட்டிக் கடைத் தொழிலாளியிடம் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கலாகாது என்று நியூயார்க் ராஜ்யம் இயற்றிய சட்டத்தை, முதலாளிக்கும் தொழிலாளிக்கும் உள்ள ஒப்பந்த சுதந்திரத்தைக் காட்டி, 1905-ல் சுப்ரீம் கோர்ட் இந்த விதியின் பேரிலேயே செல்லாதாக்கியிருந்தது.

இதைத் திண்டுக்கல் சமவெளியில் நின்று பார்த்தால், நம்மவர்கள் அஞ்சியதன் நியாயம் விளங்கும். ஆயக்குடி, இடையக்கோட்டை என்று பாளையங்களாக இருந்து ஜமீன்களான ஊர்கள் சூழ்ந்த பிரதேசம் இது. சென்னை சட்டசபை இயற்றிய 1948-ஆம் ஆண்டின் எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தை எதிர்பார்த்திருந்த குடியானவனுக்கு, உடைமையைப் பறிப்பது நியாயமா என்று கோர்ட் கேட்கத் தொடங்கினால் நிலம் கைக்கு வரப் பல காலம் ஆகியிருக்கும். ஆகவே அல்லாடி கிருஷ்ணசுவாமி ஐயர் போன்ற மேதைகள் அந்த விதியை விலக்கி, சட்டம் நிலைநாட்டிய நடைமுறைப்படியன்றி எவருடைய உயிரையும் உடற்சுதந்திரத்தையும் பறிக்கலாகாது என்ற வாசகமே போதும் என்று வாதித்தபோது, அவர்கள் ஏழைக்கு விரோதமாகப் பேசவில்லை. ஆயினும் நிலத்தைப் பற்றிய அச்சத்துக்காக உடலைப் பற்றிய காவலையும் சேர்த்துக் கைவிட வேண்டிய அவசியம் என்ன என்ற கேள்விக்கு அன்றைய விவாதத்தில் நிறைவான விடை கிடைக்கவில்லை என்பதே என் அபிப்பிராயம். உடைமையைத் தனியே பிரித்து வேறு பிரிவில் வைத்தாகிவிட்டது. எஞ்சியிருந்தது மனிதனின் உயிரும் உடலுமே. கே. எம். முன்ஷி இதை எடுத்துக் காட்டினார். கேட்பார் இல்லை. உரிய சட்டமுறை என்ற விதியை மீண்டும் சேர்க்கக் கோரிய திருத்தம் 1948 டிசம்பர் 13 அன்று தோற்றது.

டாக்டர் அம்பேத்கர் இதில் மனநிறைவு அடையவில்லை. கொலம்பியா சர்வகலாசாலையில் பயின்று அமெரிக்க சாசனத்தின் பலத்தையும் பலவீனத்தையும் அறிந்தவர் அவர். சட்டசபையை முழுக்க நம்புவதும் கடினம், சில நீதிபதிகளை முழுக்க நம்புவதும் கடினம் என்று சபையிலேயே வெளிப்படையாகச் சொன்னவர். 1949 செப்டம்பரில் அவர் புதிதாக ஒரு பிரிவைக் கொணர்ந்தார். கைதானவனுக்குக் காரணம் சொல்ல வேண்டும். வக்கீலைக் கலந்துகொள்ள விட வேண்டும். 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டின் முன்னே நிறுத்த வேண்டும். இன்றைய 22-ஆம் பிரிவின் முதற்பகுதி இதுவே. அதே பிரிவின் அடுத்த பகுதியோ, தடுப்புக் காவலில் வைக்கப்படுவோருக்கு இவை பொருந்தா என்று கூறி, மூன்று மாதத்துக்கு மேற்பட்டால் ஓர் அறிவுரைக் கழகத்தின் கருத்தைப் பெற வேண்டும், காவலுக்கான காரணங்களை விரைவில் தெரிவிக்க வேண்டும், அவற்றை எதிர்த்து முறையிட வாய்ப்புத் தர வேண்டும் என்று மட்டும் விதித்தது. அடிப்படை உரிமைகளைச் சொல்லும் அத்தியாயத்துக்குள்ளேயே, சமாதான காலத்திலும் விசாரணையின்றிச் சிறை வைப்பதற்கு இடமளித்தது நம் சாசனம்.

அந்த இடம் நெடுநாள் காலியாக இருக்கவில்லை. குடியரசு பிறந்து ஒரு மாதம் முடிவதற்குள் தடுப்புக் காவல் சட்டம் வந்தது. 1947 டிசம்பர் முதலே சென்னை ராஜ்யத்தின் சிறைகளில் இருந்த கம்யூனிஸ்ட் தலைவர் ஏ. கே. கோபாலனுக்கு 1950 மார்ச் 1 அன்று அந்தப் புதிய சட்டத்தின் கீழ் மறுபடியும் உத்தரவு வழங்கப்பட்டது. அவர் சுப்ரீம் கோர்ட்டை நேரே அணுகினார். அவருக்காக வாதித்த எம். கே. நம்பியார், சட்டம் என்றால் சட்டசபை எழுதியதெல்லாம் சட்டமாகிவிடாது, இயற்கை நீதிக்கு இசைந்ததாக இருந்தால்தான் அது ஒரு மனிதனின் சுதந்திரத்தைப் பறிக்கத் தகுதி பெறும் என்றார். ஆறு நீதிபதிகளில் பெரும்பான்மையோர், அரசியல் நிர்ணய சபை அமெரிக்க விதியை அறிந்தே விலக்கியிருக்கும்போது அதைப் பின்வாசல் வழியே கொணர்வதற்கில்லை என்று மே 19 அன்று தீர்ப்பளித்தார்கள். ஃபஸல் அலி ஒருவரே நம்பியாரின் வாதத்தை அதன் முழு விரிவில் ஏற்றார்.

கோபாலன் தோற்றார் என்று இந்த வழக்கைப் பற்றிச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது முழு உண்மையன்று. அச்சட்டத்தின் 14-ஆவது பிரிவு, காவலில் இருப்பவனுக்குத் தெரிவித்த காரணங்களை அவன் கோர்ட்டில் வெளியிடுவதையே தண்டனைக்குரிய குற்றமாக்கியிருந்தது. கோர்ட்டும் அவற்றைக் கேட்கலாகாது என்று தடுத்திருந்தது. அதை ஆறு நீதிபதிகளும் ஒருமுகமாகச் செல்லாதாக்கினார்கள். சொல்லப்பட்ட காரணத்தை நீதிபதியின் கண்ணுக்கு மறைக்க முடியாது என்பது, மற்றெல்லாம் தோற்ற அந்த நாளில் நிலைநின்ற ஒன்று. பிற்காலத்தில் இந்நாட்டில் தடுப்புக் காவலிலிருந்து கோர்ட் மூலம் விடுதலையானவர்கள் பலருக்கும் அந்த ஒன்றே கதவைத் திறந்துவிட்டது.

1959 பிப்ரவரியில் மார்ட்டின் லூதர் கிங், துணைவியார் கொரெட்டாவுடன் காந்திகிராமத்துக்கு வந்தார். சின்னாளப்பட்டிக்கு அருகே டாக்டர் சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் வளர்த்த அந்த ஆசிரமத்தின் மரநிழலில் நடந்த மனிதர், மூன்றாண்டு முன்பு, 1956 மார்ச்சில், பஸ் பகிஷ்காரத்தை நடத்தியதற்காக அலபாமா கோர்ட்டில் குற்றவாளியென்று தீர்மானிக்கப்பட்டு 500 டாலர் அபராதம் விதிக்கப்பட்டவர். அந்தச் சட்டமும் அநியாயம், தீர்ப்பும் அநியாயம். ஆனால் அவர்மேல் சாட்டிய குற்றம் என்ன என்பது அவருக்கும் ஊருக்கும் தெரிந்திருந்தது. திறந்த மன்றத்தில் சாட்சிகள் பேசினார்கள். அவருடைய வக்கீல்கள் மறுத்து வாதித்தார்கள். உலகப் பத்திரிகைகள் அதைக் கேட்டு எழுதின. அவ்வாண்டு நவம்பரில், பஸ்ஸில் நிறம் பிரிப்பது பதினான்காம் திருத்தத்துக்கு விரோதம் என்ற தீர்ப்பை அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் உறுதிப்படுத்தியது. 381 நாட்கள் கறுப்பின மக்கள் கால் தேய நடந்திராவிட்டால் அந்தத் தீர்ப்புக்கு உயிர் இருந்திராது. அந்தத் தீர்ப்பு இல்லாவிட்டால் அவர்களுடைய நடைக்கு முடிவு எட்டியிருக்குமா என்பதும் சந்தேகமே. வெளிப்படையாக எழுந்து நிற்கும் குற்றச்சாட்டு, அது எவ்வளவு கொடியதானாலும், போராடுகிறவனுக்கு எதிர்த்து நிற்க ஒரு களத்தைத் தருகிறது. காரணமே சொல்லாத சிறை அதையும் பறித்துவிடுகிறது.

நெருக்கடி நிலைக் காலத்தில் மிசா என்னும் தடுப்புக் காவல் சட்டத்தின் கீழ் ஆயிரக்கணக்கானோர் உள்ளே கிடந்தபோது, 1976 ஏப்ரல் 28 அன்று, காவலை எதிர்த்து எந்த நீதிமன்றத்தையும் எவரும் அணுகுவதற்கில்லை என்று நம் சுப்ரீம் கோர்ட் கூறியது, எச். ஆர். கன்னா ஒருவர் மறுத்தார். இரண்டே ஆண்டுகளில் காலம் திரும்பியது. 1978 ஜனவரி 25 அன்று மேனகா காந்தியின் பாஸ்போர்ட் வழக்கில், சுதந்திரத்தைப் பறிக்கும் நடைமுறை நியாயமானதாகவும் நேர்மையானதாகவும் தன்னிச்சைக்கு இடங்கொடாததாகவும் இருந்தாக வேண்டும் என்று அதே கோர்ட் அறிவித்தபோது, அரசியல் நிர்ணய சபை விலக்கிய அமெரிக்க விதி முப்பதாண்டு வனவாசம் முடிந்து உள்ளே வந்தது. 1959-லேயே காலமாகிவிட்ட ஃபஸல் அலி அதைக் காணவில்லை.

இவையெல்லாம் டில்லியின் பெருங்கதைகள். திண்டுக்கல்லில் இந்த விஷயம் இன்று எப்படி உருவெடுக்கிறது என்பதைக் காலைப் பத்திரிகையின் மாவட்டச் செய்திப் பக்கத்தில் காணலாம்: போலீஸ் சூப்பிரண்டின் பரிந்துரையின் பேரில் கலெக்டர் உத்தரவிட, இன்னார் குண்டர் சட்டத்தில் அடைக்கப்பட்டார் என்று இரண்டு மூன்று வரி. 1982-ல் இயற்றிய தமிழ்நாட்டின் 14-ஆவது சட்டம் அது. சாராயம் காய்ச்சுவோர், போதைப்பொருள் விற்போர், குண்டர்கள் என்று தொடங்கி, பின்னர் வனக் குற்றவாளிகள், மணல் திருடுவோர், திருட்டு வீடியோ எடுப்போர், இணையக் குற்றவாளிகள் வரை அதன் பெயர் நீண்டுகொண்டே போனது. ஓராண்டு வரை உள்ளே வைக்கலாம். பெரும்பாலும் ஏற்கெனவே ஒரு வழக்கில் ரிமாண்டில் இருப்பவனுக்கே, ஜாமீனில் வந்துவிடுவான் என்ற காரணத்தின் பேரில், சிறைக்குள்ளேயே இந்த உத்தரவு சார்வு செய்யப்படுகிறது. அதன் பிறகு ஜாமீன் கிடைத்தும் பயனில்லை. “குண்டாஸ் போட்டுட்டாங்க” என்று வீட்டுக்குத் தகவல் வருகிறது.

பிறகு வருவது வக்கீல்கள் ‘புக்லெட்’ என்று அழைக்கும் கட்டு. காவலில் வைத்த ஐந்து நாளுக்குள் கைதியிடம் தரவேண்டிய அதில், காவலுக்கான காரணங்கள், பழைய வழக்குகளின் முதல் தகவல் அறிக்கைகள், சாட்சிகளின் வாக்குமூலங்கள், ரிமாண்ட் உத்தரவு, இதே போன்ற வழக்கில் வேறொருவன் ஜாமீன் பெற்ற உத்தரவின் நகல் என்று பக்கம் பக்கமாகச் சேர்ந்திருக்கும். வேடசந்தூரிலிருந்து திண்டுக்கல் வந்து, ஆரப்பாளையம் பஸ் பிடித்து, அங்கிருந்து டவுன் பஸ்ஸில் மாட்டுத்தாவணி தாண்டி ஹைகோர்ட் மதுரைக் கிளைக்குப் போகும் தாயின் பைக்குள் இருப்பது இந்தக் கட்டுதான். அவள் பெயரிலேயே ஆட்கொணர்வு மனு போடுவார்கள். இளம் வக்கீல் ஒருவர் அதை ஒவ்வொரு பக்கமாகத் திருப்பி, எந்தப் பக்கம் மசி படிந்து வாசிக்க முடியாமல் இருக்கிறது, எந்த ஆங்கில ஆவணத்துக்குத் தமிழாக்கம் வைக்கவில்லை, கைதி அனுப்பிய முறையீடு எந்த மேஜையில் எத்தனை நாள் விளக்கமின்றிக் கிடந்தது, ஜாமீன் மனுவே போடாதவன் ஜாமீனில் வருவான் என்று கலெக்டர் எதைக் கொண்டு முடிவு செய்தார் என்று தேடுவார். இவற்றில் ஒன்று நிரூபணமானாலும் இரண்டு நீதிபதிகள் கொண்ட அமர்வு உத்தரவை ரத்து செய்துவிடும். சொன்ன காரணம் கைதிக்குப் புரிந்தால்தானே அவன் மறுமொழி சொல்ல முடியும்?

இப்படி விடுதலையாகும்போது, ஓட்டையைப் பிடித்து வெளியே வந்துவிட்டான் என்று ஊரார் பேசுகிறார்கள். மார்க்கெட்டில் மாமூல் கேட்டு மிரட்டப்படும் வியாபாரியின் பயம் பொய்யன்று. அவரை யாரும் குறை சொல்வதற்கில்லை. ஆனால் மிரட்டியவனைச் சாட்சி வைத்து நிரூபித்து வருஷக்கணக்கில் தண்டிக்கத் தண்டனைச் சட்டம் இருக்கிறது. அந்த வழக்கை நடத்தி முடிக்கும் சிரமத்துக்குப் பதிலாகவே தடுப்புக் காவல் பல இடங்களில் நின்றுவிடுகிறது. வாசிக்க முடியாத அந்த ஒரு பக்கத்தை அற்ப விஷயம் என்று ஒதுக்குவோரிடம் நான் வேறுபடுகிறேன். ஓர் அரசு, தன் முழு பலத்தோடும் ஒரு தனி மனிதனை எதிர்கொள்ளும்போது, அவனுடைய மொழியில், அவன் வாசிக்கக்கூடிய எழுத்தில், குறித்த நாளுக்குள், இதற்காக உன்னைப் பிடித்து வைத்திருக்கிறேன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பதைவிடப் பெரிய சுதந்திரக் கோட்பாடு எந்தச் சாசனத்திலும் எனக்குத் தெரியவில்லை. என் வருத்தமெல்லாம், அந்தப் பக்கத்தை நீதிபதிகள் காணும்போது மாதக்கணக்கில் ஆகிவிடுகிறது என்பதே. ஓராண்டுக் காவலில் பெரும்பகுதியை ஒருவன் கழித்த பிறகு, அந்தக் காவல் தொடக்கத்திலிருந்தே செல்லாது என்று அறிவிப்பதால் அவனுக்கு எது திரும்பக் கிடைக்கிறது? அதற்கிடையில் கூடும் அறிவுரைக் கழகத்தின் முன்னேயோ, வக்கீலை வைத்து வாதிட அவனுக்கு உரிமை இல்லை.

இதைச் சீராக்க ஒரு சட்டம் ஏற்கெனவே இருக்கிறது என்பதைப் பலர் அறியார். நெருக்கடி நிலையின் படிப்பினையால் வந்த 44-ஆவது அரசியல் சாசனத் திருத்தத்தின் மூன்றாவது பிரிவு, அறிவுரைக் கழகத்தின் கருத்தில்லாமல் காவலில் வைக்கும் காலத்தை மூன்று மாதத்திலிருந்து இரண்டாகக் குறைக்கிறது. கழகத்தை ஹைகோர்ட் தலைமை நீதிபதியின் பரிந்துரைப்படி அமைக்க வேண்டும் என்றும், அதன் தலைவர் பதவியிலிருக்கும் ஹைகோர்ட் நீதிபதியாகவே இருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. பார்லிமெண்ட் அதை நிறைவேற்றியது; ஜனாதிபதியின் சம்மதமும் 1979 ஏப்ரலில் கிடைத்தது. அத்திருத்தத்தின் மற்றப் பிரிவுகள் அமலுக்கு வந்தன. இந்தப் பிரிவு மட்டும் வரவில்லை. 1981 டிசம்பரில் ஏ. கே. ராய் வழக்கில், அதை அமலாக்கும்படி மத்திய சர்க்காருக்குக் கட்டளையிடத் தங்களால் இயலாது என்று சுப்ரீம் கோர்ட் நீதிபதிகளில் பெரும்பான்மையோர் கூறிவிட்டார்கள். புதிய மசோதா வேண்டாம், விவாதம் வேண்டாம், வாக்கெடுப்பு வேண்டாம். மத்திய சர்க்கார் தன் அரசிதழில் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் போதும். திண்டுக்கல் தொகுதியில் வோட்டுக் கேட்டு வருகிறவர்கள் எந்தக் கட்சியைச் சேர்ந்தவர்களானாலும், சாலையையும் குடிநீரையும் கேட்கும் அதே வாயால், அந்த அறிவிக்கை எப்போது வரும் என்றும் நாம் அவர்களைக் கேட்க வேண்டும்.